ஜயண்ட் வீலுக்கு இரண்டு கோடு

— ரெண்டு தடவை போயாச்சு அண்ணி. மூணாவது தடவையும் இந்தக் குழந்தைங்க ரயில்ல ஏறினா, டிரைவர் என்னை அவங்க ஸ்டாஃப்னு நெனச்சுக்குவார்.

— நெனச்சா நெனச்சுட்டுப் போறார். ரயிலுக்கு உங்க அண்ணன் தாள்ல பச்சை போட்டிருக்கார். பச்சையில எத்தனை தடவை வேணா போலாம்.

— பக்கத்துல உக்காந்த பிள்ளைக்கு நாலு வயசு இருக்கும். "பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கோ சித்தி"ன்னு பெங்காலில சொல்லுது.

— பிடிச்சுக்கிட்டியா?

— பிடிச்சுக்கிட்டேன். அவ்வளவு ஆசையா கேட்டுது.

— நல்ல பிள்ளை. நல்லா இருக்கட்டும். தண்ணி குடிச்சியா?

— மூணு தடவை. அந்தத் தாளைக் குடுங்க, வேற என்ன இருக்குன்னு பார்ப்போம்.

— நான் படிக்கறேன். நீ வெயில்ல நின்னு கண்ணை இடுக்காதே. "காஷன் ஆர்டர். டிரைவர்: அலமு, வயது நாற்பத்தேழு, வலிப்பு நோய், மாத்திரையில் கட்டுப்பாடு. கார்டு: ஷியாமளா. செக்‌ஷன்: ராஜார்ஹாட் தீம் பார்க்." டிரைவர் நீயாம், கார்டு நானாம்.

— முப்பத்தஞ்சு வருஷம் ரயில்வே சிக்னல்ல இருந்தா இப்படித்தான், பார்க்குக்குப் போறதுக்கும் ரயில் டிரைவருக்குக் குடுக்கற எச்சரிக்கைத் தாள். எங்க ஆபீஸ்ல குடும்பத்தோட பார்க்குக்குப் போங்கன்னு ரெண்டு பாஸ் குடுத்தாங்க. அண்ணன் அதை ரயில் விடற மாதிரி நெனச்சுட்டார்.

— கீழ நீ கையெழுத்துப் போட்டிருக்கியே.

— போடலைன்னா வண்டி கிளம்பாதுன்னு வாசல்ல நின்னாரே! "பெற்றுக்கொண்டேன்"னு எழுதி நேரமும் போடணுமாம். ஆறு நாப்பத்தேழுன்னு போட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து ஆறு நாப்பத்தெட்டுன்னு திருத்தினார்.

— அவர் அப்படித்தான். என்னத்தைச் சொல்ல. "குழந்தைகள் ரயில்: பச்சை. மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் போனால் இறங்கிவிடவும்."

— ஓடற ரயில்லேர்ந்து.

— "குதிரை ராட்டினம்: மஞ்சள். உள்பக்கக் குதிரை மட்டும். படகு: மஞ்சள். லைஃப் ஜாக்கெட் போட்டு, கார்டு கூட இருந்தால்."

— குதிரையும் ஆச்சு, படகும் ஆச்சு. அப்புறம்?

— "ரோலர் கோஸ்டர்: சிவப்பு. பேய் வீடு: சிவப்பு. உள்ளே விளக்கு மினுக்கும்."

— அது ரெண்டும் நியாயம். மினுக்கற விளக்குப் பக்கம் நானே போக மாட்டேன். தூக்கம் கெட்டா ஆகாது, மாத்திரை விட்டா ஆகாது, மினுக்கினா ஆகவே ஆகாது. நம்ம பெஹாலா பந்தல்ல அந்த வருஷ துர்கா பூஜை லைட்டைப் பார்த்து விழுந்தது போதும்.

— அதுக்கப்புறம் நாலு வருஷம் ஆச்சு, ஒண்ணும் இல்லை. அன்னிக்கு எத்தனை சாவி!

— நம்ம ஆளுங்க ஓடி வந்து கையில சாவிக்கொத்தைத் திணிச்சாங்க. பெங்காலிக்காரங்க ஓடி வந்து மூக்குல செருப்பை வெச்சாங்க. ரெண்டு பக்கமும் அன்புதான்.

— அன்பு இருக்கட்டும். சாவியாலயும் நிக்காது, செருப்பாலயும் நிக்காது. அதுவா நிக்கும். உன்னை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு எல்லாரையும் தள்ளி நிக்க வெக்கறதுக்குள்ள எனக்குத் தொண்டை போச்சு.

— யாரோ ஸ்பூனோட வந்தாராமே, வாயில வெக்க.

— வந்தார். வாங்கி என் பையில போட்டுக்கிட்டேன். இன்னும் நம்ம சமையல்கட்டுலதான் இருக்கு.

— நீங்க இருந்ததால என் பல்லு எல்லாம் இருக்கு. சரி, அடுத்த வரி.

— அடுத்த வரி கெடக்கு. பசிக்கலையா உனக்கு?

— இப்போதானே இட்லி சாப்பிட்டோம். படிங்க அண்ணி.

— "ஜயண்ட் வீல்: சிவப்பு." கீழ ரெண்டு கோடு போட்டிருக்கார்.

— ஸ்கேல் வெச்சு.

— ஸ்கேல் வெச்சுத்தான். "காரணம்: டார்ஜிலிங்."

— இருபத்தாறு வருஷமா அதே காரணம்.

— மறக்கற விஷயமா? நான் கல்யாணமாகி வந்து நாப்பது நாள். குடும்பத்தோட ரோப்வேக்கு வரிசையில நிக்கறோம். "புதுப் பொண்ணு முதல்ல ஏறட்டும்"னு உங்கம்மா என்னைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டே இருக்காங்க. பின்னாடி தொப்புனு ஒரு சத்தம். திரும்பினா நீ தரையில கெடக்கே. கையும் காலும் இழுக்குது. அதுக்கப்புறம் யார் ஏறறது? எல்லாரும் லாட்ஜுக்குத் திரும்பிட்டோம்.

— டிக்கெட் கிழிக்கறவர் பூட்ஸைக் கழட்டி மூக்குல வெச்சார். அதை விட்டுட்டீங்க.

— அன்னிலேர்ந்து உனக்கு உயரம் ஆகாதுன்னு வீட்டுல முடிவாயிடுச்சு.

— வீட்டுல முடிவாச்சு. டாக்டர் அப்படிச் சொல்லலை. டாக்டர் ஸ்மிதாகிட்ட டார்ஜிலிங் கதையை முழுசா சொன்னேன். கேட்டுட்டுச் சிரிச்சாங்க.

— சிரிக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?

— அவங்களுக்கு ஏதோ இருந்துது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அவங்க சொன்னது இதுதான். உயரம் உங்களுக்கு வலிப்பைக் கொண்டு வராது. உயரத்துல இருக்கும்போது வந்தா, என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஆள் பக்கத்துல வேணும். மூடின பெட்டி வெச்ச வீல்னா, உங்க அண்ணியோட தாராளமா போங்க. லெட்டர்ல எழுதி சீலும் வெச்சுக் குடுத்தாங்க.

— உங்க அண்ணன் போட்டது சிவப்பு.

— கடைசி வரியைப் படிங்க.

— "சிவப்பைத் தாண்ட எழுத்து மூலம் அனுமதி இருந்தால், நிதானமாகத் தாண்டலாம்."

— பார்த்தீங்களா? டாக்டர் லெட்டர்தான் எழுத்து மூலம் அனுமதி. எடுங்க.

— லெட்டர் வீட்டுல இருக்கு.

— வீட்டுலயா?

— டிவி மேல வெச்சேன். அப்படியே மறந்துட்டேன்.

— நம்ம டிவி சுவத்துல மாட்டியிருக்கு அண்ணி. அது மேல எதுவும் நிக்காது.

— டிவிக்குக் கீழ. வயசாகுதுல்ல, அலமு.

— தண்ணி பாட்டில் மூணு, மாத்திரை ரெண்டு செட்டு, விபூதி, சிவப்புக் கொடி, பச்சைக் கொடி எல்லாம் ஞாபகமா எடுத்தீங்க.

— கொடி உங்க அண்ணன் வெச்சது.

— சரி. கிட்டப் போய்ப் பார்த்துட்டாவது வருவோம். பார்க்கறதுக்குச் சிவப்பு இல்லையே?

— அதுல பார்க்க என்ன இருக்கு? சுத்துது.

— ஒவ்வொரு வருஷமும் மேளாவுல நானும் நீங்களும் எல்லாரோட பையையும் பிடிச்சுக்கிட்டுக் கீழ நிப்போம். அவங்க மேலேர்ந்து கை காட்டுவாங்க. நாம கீழேர்ந்து கை காட்டுவோம். எனக்கு ஒரே ஒரு தடவை மேலேர்ந்து கை காட்டணும். வேற ஒண்ணும் பெரிசா இல்லை.

— என்னத்தைச் சொல்ல. நட.

— நமோஷ்கார் தாதா, வீல் ஓட்டற அண்ணன்தானே நீங்க? இது எல்லாம் மூடின பெட்டிதானே?

— வணக்கம் அம்மா. உக்காருங்கோ. எங்க வலி?

— என்னது?

— வலி இல்லியா? மன்னிக்கணும். நீங்க தமிழ் பேசிட்டு வந்தது காதுல விழுந்துது. நமக்கு ஆஸ்பத்திரித் தமிழ் மட்டும் வரும். வேலூர்ல மூணு மாசம் இருந்தது.

— கல்கத்தாவுல வீட்டுக்கு ஒருத்தர் வேலூர் போயிட்டு வந்திருக்காங்க அண்ணி. யாருக்கு உடம்பு தாதா?

— என் வீட்டுக்காரம்மாவுக்கு. தலையில ஆபரேஷன். இப்போ நல்லா இருக்காங்க, தினம் சண்டை போடறாங்க. அங்க லாட்ஜ் பக்கத்து வீட்டுல ஒரு அம்மா. தினம் ஒரு கிளாஸ் ரசம் கொண்டு வரும். எதுக்கு அம்மான்னு கேட்டா, "ஆறிடும், குடி"ன்னு சொல்லும். அவ்ளோதான் சொல்லும். பேர் கூட நமக்குத் தெரியாது. அதனால தமிழ் பேசற அம்மா யார் வந்தாலும் நான் ஏழாம் நம்பர் பெட்டி குடுக்கறது. அதுல கதவு நல்லாப் பூட்டும்.

— மத்ததுல பூட்டாதா?

— எல்லாம் பூட்டும் அம்மா. ஏழு ரொம்பப் பூட்டும்.

— தாதா, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு வலிப்பு இருக்கு. மிர்கி. நாலு வருஷமா வரலை, காலை மாத்திரை போட்டாச்சு, ராத்திரி நல்லாத் தூங்கினேன். ஆனா மறைச்சு ஏற மாட்டேன்.

— அந்த போர்டைப் பாரு அலமு. நெஞ்சு வலி, கர்ப்பம், மிர்கி. ஏறக் கூடாதுன்னு பெரிசா எழுதியிருக்கு. முடிஞ்சுது. வா, போலாம்.

— நில்லுங்கோ அம்மா. அதுக்குக் கீழ சின்ன எழுத்துல இன்னொரு வரி இருக்கு. யாரும் படிக்கறதில்லை. டாக்டர் லெட்டர் இருந்தா, கூட ஒரு ஆள் இருந்தா, ஏறலாம். லெட்டர் இருக்கா?

— வீட்டுல இருக்கு.

— டிவிக்குக் கீழ.

— அலமு, நீ சும்மா இரு. வீட்டுல ஃபோன் பண்ணிப் போட்டோ அனுப்பச் சொன்னா ஆகுமான்னு கேக்காதே. அவருக்கு அனுப்பத் தெரியாது. போன வாரம் கரண்ட் பில்லு அனுப்புங்கன்னா, அவர் கட்டைவிரல் வந்துது.

— போட்டோ ஆகாது அம்மா. சீல் வெச்ச தாள் வேணும். இது என் ரூல் இல்லை, மேனேஜர் ரூல். எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. அடுத்த வாட்டி கொண்டு வாங்கோ. ஏழாம் நம்பர் எங்கயும் போகாது, இங்கயேதான் சுத்தும்.

— சரி தாதா. உங்க வேலையை நீங்க செய்யறீங்க. அதுல தப்பே இல்லை. வாங்க அண்ணி, டீ குடிக்கலாம்.

— உனக்குக் கோபம் வரலையா?

— மறதிக்கு யாராவது கோபப்படுவாங்களா? அந்தப் பையை இப்படிக் குடுங்க. காலைலேர்ந்து நீங்களே தூக்கிட்டு நடக்கறீங்க.

— பையைத் தொடாதே.

— கனமா இருக்குமேன்னு கேட்டேன்.

— கனமாத்தான் இருக்கு. தொடாதே. அலமு, நில்லு.

— நின்னுட்டேன்.

— லெட்டர் பையிலதான் இருக்கு. விபூதிப் பொட்டலத்துக்கு அடியில.

— ஓ.

— ஓவா? அவ்வளவுதானா?

— சீல் கலையாம இருக்கா பாருங்க. விபூதி பட்டிருக்கப் போகுது.

— நீ என்னைத் திட்டேன்! ஒரு வார்த்தை திட்டு. நான் வேணும்னுதான் மறைச்சேன். எனக்கு உயரம்னா பயம் அலமு. சின்ன வயசுலேர்ந்து. மொட்டை மாடியில துணி காயப்போடப் போனா கூட, செவுத்தைத் தொட்டுக்கிட்டேதான் நடப்பேன். டார்ஜிலிங்ல நீ விழுந்தப்போ நான் முதல்ல என்ன சொன்னேன் தெரியுமா? "முருகா, காப்பாத்திட்டே." நீ தரையில துடிக்கறே, நான் சாமிக்கு நன்றி சொல்றேன்.

— அப்புறம் ஓடி வந்து என் தலைக்கு உங்க ஷாலை மடிச்சு வெச்சீங்களே.

— அப்புறம்தானே! அதுக்கப்புறம் இருபத்தாறு வருஷம். எந்த மேளாவுல யார் ஏறக் கூப்பிட்டாலும், "அலமுவைத் தனியா விட முடியாது"ன்னு கீழ நின்னுட்டேன். எல்லாரும் என்னை என்னமா புகழ்ந்தாங்க! உங்கம்மா கண்ணை மூடறப்போ கூட, இவளை மாதிரி மருமக கிடைக்க மாட்டான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் உன் நோய்க்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு நின்னேன், அலமு.

— அம்மா அழறாங்களா? தண்ணி வேணுமா? சுகர் இருக்கா?

— சுகர் இல்லை தாதா. பயம்.

— பயத்துக்கு மாத்திரை கிடையாது அம்மா. வேலூர்லயும் கிடையாது. நான் கேட்டுப் பார்த்தேன்.

— லெட்டரை அவர்கிட்ட குடுங்க அண்ணி.

— ஹ்ம். சீல் இருக்கு, தேதி இருக்கு, எல்லாம் சரி. கூட ஏறறது யாரு?

— எங்க ஆபீஸ்ல மதுன்னு ஒரு பொண்ணு, அவளும் இன்னிக்குப் பார்க்குக்கு வர்றேன்னு சொன்னா. அவளுக்கு ஃபோன் பண்றேன். அண்ணி, நீங்க கீழ நில்லுங்க. உங்களுக்குக் கை காட்டறதுக்கும் எனக்கு ஒரு ஆள் வேணுமே.

— மதுவுக்கு என்ன தெரியும்? ஏதாவது ஒண்ணுன்னா ஹேண்ட்பேக்கைக் கொட்டி சாவியைத் தேடுவா.

— அப்போ?

— நான் ஏறறேன்.

— அண்ணி, வேணாம்.

— ஏறறேன்னேன். இன்னொரு தடவை கேக்காதே. இறங்கிடுவேன்.

— நீங்க இன்னும் ஏறவே இல்லை.

— அம்மா, ஏத்தறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கணும். மேல இருக்கும்போது இவங்களுக்கு வந்தா என்ன செய்வீங்க?

— ஒருக்களிச்சு என் மேல சாய்ச்சுக்குவேன். தலை இடிக்காமப் பார்த்துக்குவேன், அமுக்கிப் பிடிக்க மாட்டேன். வாயில எதுவும் வெக்க மாட்டேன். வாட்சைப் பார்ப்பேன். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி. உங்களுக்குச் சிவப்புக் கொடி காட்டுவேன்.

— கொடியா?

— எங்க வீட்டுக்காரர் ரயில்வே. ரெண்டு கொடியும் குடுத்து விட்டிருக்கார்.

— ரொம்ப நல்ல மனுஷன். சிவப்பு தெரிஞ்சா ஏழாம் நம்பரை உடனே கீழ கொண்டு வந்துடுவேன். ஆம்புலன்ஸ் கேட்டுலயே நிக்குது. நான் வேற எந்தப் பெட்டியையும் பார்க்க மாட்டேன். பச்சை தெரிஞ்சா?

— எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

— சரி. ஆனா நீங்க கம்பியை விடவே மாட்டேங்கறீங்க அம்மா. மூச்சை இழுங்கோ. பிடிங்கோ. விடுங்கோ. இப்போ சட்டையைக் கழட்டுங்கோ.

— என்னது!

— மன்னிக்கணும், மன்னிக்கணும். அது எக்ஸ்ரே ரூம் தமிழ். ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தே வந்துடுது. ஏறி உக்காருங்கோ.

— கதவைப் பூட்டிட்டாரா அலமு?

— பூட்டி, ரெண்டு தடவை இழுத்தும் பார்த்துட்டார். அண்ணன் மாதிரி.

— நகருதா?

— நகருது. கண்ணைத் திறக்காதீங்க.

— கார்டு கண்ணை மூடினா எப்படி? உன்னைப் பார்த்துக்கத்தானே ஏறினேன்.

— அரைக்கண்ணு திறந்து என்னை மட்டும் பாருங்க. வெளிய பார்க்க வேணாம்.

— உனக்கு ஏதாவது பண்ணுதா? வலிப்புக்கு முன்னாடி ஒரு வாசனை வரும்பியே, வருதா?

— கடலை வறுக்கற வாசனை வருது.

— முருகா!

— கீழ நிஜமாவே வறுக்கறாங்க அண்ணி. பயப்படாதீங்க.

— முருகா, முருகா, முருகா.

— அவரும் மலை மேலதான் இருக்கார். உயரம் அவருக்குப் பழக்கம்தான்.

— விளையாடாதே. எவ்வளவு தூரம் வந்திருக்கோம்?

— பாதி. நியூ டவுன் கட்டடமெல்லாம் தெரியுது. அதோ ஒரு ஏரோப்ளேன், நமக்கு நேரா...

— சொல்லாதே.

— சொல்லலை.

— அலமு, எனக்காகச் சிவப்பு காட்டட்டுமா? எனக்கு முடியலை.

— காட்டுங்க. உடனே இறக்கிடுவார். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

— நீ நெனச்சுக்க மாட்டே. அதுதானே எனக்குத் தாங்கலை. பச்சை எந்தக் கையில இருக்கு?

— இடது கையில.

— தூக்கிட்டேன். தெரியுதா அவருக்கு?

— தெரியுது. ரெண்டு கையையும் ஆட்டறார். அவர் பக்கத்துல யாரோ பையெல்லாம் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, அவங்களும் ஆட்டறாங்க. நானும் கை காட்டறேன் அண்ணி. மேலேர்ந்து.

— ஆசை தீர்ந்துதா?

— தீர்ந்துது.

— அப்போ என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ விழுந்ததுக்கு நான் சந்தோஷப்பட்டேன். கோயிலுக்குப் போறப்போல்லாம் அதைத்தான் சொல்லி அழறேன்.

— முருகன் என்ன சொன்னார்?

— என்ன சொல்வார்? ஒண்ணும் சொல்லலை.

— அவருக்கு விஷயம் தெரியும், அதான் சும்மா இருந்திருக்கார். வீல் உச்சியில நின்னிருக்கு அண்ணி. இப்போ சொன்னாதான் நீங்க எழுந்து போக முடியாது.

— என்ன சொல்லப் போறே?

— அன்னிக்கு வரிசையில நான் உங்களுக்கு நேர் பின்னாடி நின்னேன். உங்க முந்தானை நடுங்கினதைப் பார்த்தேன். அம்மா உங்களைத் தள்ளறதை நிறுத்தற மாதிரி தெரியலை. டார்ஜிலிங்ல எனக்கு வலிப்பே வரலை, அண்ணி. நானாத்தான் விழுந்தேன். அந்த பூட்ஸ் வரும்னு மட்டும் தெரிஞ்சிருந்தா, வேற ஏதாவது யோசிச்சிருப்பேன்.